பேக்கரிக்காரருக்கு ஒரு லைன் போதும்

அங்கிள், அந்த நாற்காலி வேண்டாம். இடது பின்னங்கால் ஆடுகிறது. நான் காலையிலேயே விழப் பார்த்தேன். இந்தப் பக்கம் வாங்க. ஏசிக் காற்று நேராக மண்டையில் இறங்காத ஒரே இடம் இதுதான். பத்து மணியிலிருந்து இங்கேயே இருக்கிறேனே, எல்லாம் ஆராய்ச்சி பண்ணி வைத்துவிட்டேன்.

உங்கள் பையன் உள்ளே போயிருக்கிறாரா? ஹால் டிக்கெட்டை மூணு தடவை மடித்து மூணு தடவை பிரித்தாரே, அந்தக் கண்ணாடிக்காரர்தானே? பாஸாகிவிடுவார் அங்கிள், முகத்திலேயே தெரிகிறது. நானா? நான் என் அம்மாவுக்காக உட்கார்ந்திருக்கிறேன். ஆமாம், அம்மாவேதான். சிரிக்காதீங்க. ஊரெல்லாம் பிள்ளைகள் உள்ளே, பெற்றவர்கள் வெளியே. எங்கள் வீட்டில் மட்டும் மாற்றி.

மெதுவாகப் பேசுவோம். அந்த வரவேற்பு மேஜை அக்கா இருக்கிறாரே, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "சைலன்ஸ் ப்ளீஸ்ஸ்... உள்ள எக்ஸாம் போயிட்டிருக்குல்ல?" என்பார். பார்த்தீங்களா, நிமிர்ந்து பார்க்கிறார்! தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறார் பாவம். நான்தான் அங்கிள். எனக்கு அது வரும். யாரையாவது ரெண்டு நிமிஷம் கேட்டால் போதும், தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். எங்கள் அப்பா பக்கத்து வரம். அப்பாவின் சித்தப்பா ஒருவர் நாடகத்தில் இருந்தாராம். அம்மா பக்கம் சுத்தம். அம்மாவுக்கு இருப்பதே ஒரே ஒரு குரல், ஷிப்ட் முடிந்து வந்த குரல்.

பிஸ்கட்டா? வேண்டாம் அங்கிள், பசிக்கவில்லை. டென்ஷனா? எனக்கா? பரீட்சை அம்மாவுக்கு, எனக்கெதுக்கு டென்ஷன்? பையில் ரெண்டு டப்பா சாப்பாடே இருக்கிறது. திறக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இது என்ன பரீட்சை தெரியுமா? நெட்வொர்க் டிசைன். ஒரு கம்பெனிக்கு நாற்பது ஊரில் கிளை என்று வைத்துக்கொள்ளுங்க. எந்தக் கிளையை எதனோடு, எந்த வழியில், எத்தனை லைன் போட்டு இணைப்பது என்று பிளான் போட வேண்டும். வீடு கட்ட இன்ஜினியர் போடுகிற மாதிரிதான். நாலு மணி நேரம். ஒவ்வொரு கேள்வியும் ஒரு குடும்பக் கதை நீளம். முதலாளி ஒரு மெயில் எழுதியிருப்பார். கணக்கு பார்க்கிறவர் இன்னொன்று எழுதியிருப்பார். பாதுகாப்பு அதிகாரி மூணாவது எழுதியிருப்பார். மூணு பேருக்கும் ஆகவே ஆகாது. அதையெல்லாம் படித்து முடித்தால் கீழே நாலு விடை. நாலுமே வேலை செய்யும் அங்கிள்! அதுதான் கொடுமை. தப்பான விடை என்று ஒன்று இருந்தால் அதைத் தள்ளிவிடலாம். இங்கே நாலும் சரி, அந்தக் கம்பெனிக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி. அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டால் திரும்பி வரவும் முடியாது.

அம்மாவுக்கு இது மூணாவது தடவை.

அம்மா பேர் சுகந்தி. சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷமாக இருக்கிறாள். சுவர் அளவுக்கு ஒரு திரை. அது முழுக்கப் பச்சைப் புள்ளி. எந்தப் புள்ளி சிவப்பாகிறதோ, அந்த ஊரில் லைன் செத்துவிட்டது என்று அர்த்தம். உடனே போன் போட்டு ஆளை எழுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒன்பது வருஷமாக அம்மா சிவப்புப் புள்ளி பார்க்கிறாள். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. என் பிறந்தநாளை மூணு வேளையிலும் கொண்டாடியிருக்கிறோம். இந்தப் பரீட்சை பாஸானால் டிசைன் டீம். ஒன்பதுக்குப் போய் ஆறுக்கு வருகிற, மனுஷர்கள் பார்க்கிற வேலை. இடம் ஒன்றே ஒன்றுதான். இந்த மாசக் கடைசிக்குள் சான்றிதழ் வரவில்லையென்றால் அது பரணி அண்ணனுக்கு. அந்தப் பரணிக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே அம்மாதான்!

அம்மா ஏன் ரெண்டு தடவை பெயிலானாள் என்று கேளுங்க. படிக்காமல் இல்லை. புத்தகம் ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி. மனப்பாடம். பிரச்சினை வேறு. ஒன்பது வருஷம் சிவப்புப் புள்ளி பார்த்தால் ஒரு மனுஷிக்கு என்ன ஆகும்? எதைப் பார்த்தாலும் இது எப்போது சாகும் என்றே தோன்றும். எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்க. எல்லாம் ரெண்டு. டார்ச் ரெண்டு. குடை ரெண்டு, அதுவும் என் ஸ்கூல் பைக்குள்ளேயே ரெண்டு. அலாரம் ரெண்டு, முதலாவது அடித்து ஐந்து நிமிஷம் கழித்து ரெண்டாவது. வீட்டுச் சாவி இடது பக்கத்து வீட்டில் ஒன்று, வலது பக்கத்து வீட்டில் ஒன்று. "அவங்க ஊருக்குப் போயிட்டாங்கன்னா?" ரெண்டு வீடும் சேர்ந்து ஊருக்குப் போய்விட்டால் என்று அப்பா ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டுவிட்டார். மூணாவது சாவி செய்தாயிற்று. அப்பா அதற்கப்புறம் எதுவும் கேட்பதில்லை. "ம்ம்" மட்டும்தான். எங்கள் அப்பா குரல் எனக்கு ரொம்ப ஈஸி. ம்ம்.

வீட்டில் மாற்று இல்லாத ஒரே பொருள் நான்தான் அங்கிள்.

பரீட்சையிலும் அதே கதை. நாலு விடையில் எதில் எல்லாம் ரெண்டு ரெண்டாக இருக்கிறதோ, அம்மா கை அங்கேதான் போகும். ரெண்டு லைன், ரெண்டு மிஷின், ரெண்டு வழி. சின்ன வாடகைக் கடைக்குக்கூட அம்மா ஆஸ்பத்திரிக்குப் போடுகிற மாதிரி போட்டுவிடுவாள். முதல் தடவை பெயில்.

ரெண்டாவது தடவை மார்ச் மாசம். அதைப் பற்றி ஒன்றும் பெரிதாகச் சொல்வதற்கில்லை.

சரி, சொல்கிறேன். அன்றைக்குக் காலையில் நான் ஒரு சின்ன ஜோக் பண்ணினேன். அதற்கும் அம்மா பெயிலானதுக்கும் சம்பந்தமே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் மேனேஜர் ஹரிஹரன் சார். அவர் குரலில் பேசுவது எனக்கு அல்வா. மூக்கில் ஆரம்பித்து மூக்கிலேயே முடியும். அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது கேட்டுக் கேட்டுப் படித்தது. எங்கள் வீட்டில் ஒரு ஸ்பேர் சிம் இருக்கிறது, ஸ்டீல் டப்பாவில், பஞ்சு சுற்றி. அம்மா வாங்கி வைத்தது. அந்த நம்பர் யாருக்குமே தெரியாது. அதை அப்பாவின் பழைய போனில் போட்டு, அம்மா பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது அடித்தேன்.

"குட் மார்னிங் சுகந்தி. லெட் மீ பி வெரி ஃபிராங்க். இந்தத் தடவையும் வரலைன்னா ரொம்ப ஃபீல் பண்ணாதீங்க. பரணி இருக்கான், அவனை வெச்சுப் பாத்துக்கலாம். டேக் இட் ஈஸி. சாப்டீங்களா?"

கடைசியில் அந்த "சாப்டீங்களா" என் சொந்தச் சேர்க்கை. அன்றைக்கு அம்மா இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தாள், வாயில் வந்துவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அப்புறம், "இன்னும் இல்ல சார்" என்றாள். வைத்துவிட்டாள். நான் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தேன். சாயங்காலம் அம்மா பாஸாகி வருவாள், நான் அதே குரலில் வரவேற்பேன், அம்மா காதைத் திருகுவாள், எல்லாரும் சிரிப்போம். அதுதான் பிளான்.

அம்மா வந்தாள். ரெண்டே ரெண்டு கேள்வியில் போய்விட்டது என்றாள். அப்பா "ம்ம்" என்றார். நான் அந்தக் குரலை எடுக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அங்கிள். நாலு மணி நேரப் பரீட்சை, முப்பது விநாடி போன். கணக்கே வராது.

அப்புறம் ஏப்ரலில் தண்ணி கேஸ். அதுதான் உண்மையில் நான் மாட்டிய கேஸ்.

எங்கள் அபார்ட்மெண்ட் செகரட்டரி மயில்சாமி அங்கிள். வீட்டுக்கு வீடு இன்டர்காமில் அறிவிப்பார். பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த அன்று, அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து நான் இன்டர்காம் முன்னால் உட்கார்ந்தேன். "அல்லாருக்கும் வணக்கமுங்க. நாளைக்கும் நாளான்னைக்கும் தண்ணி வராதுங்க. இப்பவே புடிச்சு வெச்சுக்கோணுமுங்க. அப்புறம் என்னையக் கேக்கப்படாது, ஆமா." நாற்பத்து மூணு வீட்டுக்கும் போட்டேன். நாற்பத்து மூணு வீடும் குடம், பக்கெட், குழந்தை குளிக்கிற தொட்டி, பிரஷர் குக்கர் வரைக்கும் பிடித்தார்கள். ஒரு மணி நேரத்தில் மாடித் தொட்டி காலி. நிஜமாகவே தண்ணி வரவில்லை! அதாவது பாருங்க, நான் சொன்னது பொய்யே இல்லை. மயில்சாமி அங்கிள் திருநீறோடு திரும்பி வந்து குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. "நானா சொன்னேன்? நானா சொன்னேன்?" என்று நாலு மாடியும் ஏறி இறங்கினார். எல்லாரும், "ஆமாங்க, நீங்கதானுங்க சொன்னீங்க." கடைசியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் மட்டும் சந்தேகம் வரவில்லை. எல்லாம் ரெண்டு ரெண்டாக நிரப்பிவிட்டு அம்மா நேராக என் அறைக்கு வந்தாள். கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன், அது மறுநாளே திரும்பி வந்துவிட்டது.

தண்டனை என்ன தெரியுமா? கோடை லீவு முழுக்க, தினமும் ஒரு மணி நேரம் அம்மாவுக்குக் கேள்வி வாசிக்க வேண்டும். கண் எரிகிறதாம், ஷிப்ட் முடிந்து வந்து திரையைப் பார்க்க முடியவில்லையாம். "உனக்கு வாய் சும்மா இருக்காதில்ல? அதுக்கு வேலை குடுக்கறேன்." அது தண்டனையா அங்கிள்? கொசுவர்த்தி விளம்பரத்துக்குக்கூட அந்தக் கேள்விகளைவிட சுவாரஸ்யமாக எழுதுவார்கள். "இந்த நிறுவனமானது தனது கிளைகளுக்கிடையிலான இணைப்பின் நிலைத்தன்மையை மேம்படுத்த விழைகிறது." நாலு வரி வாசித்ததும் அம்மா கண் செருகும், எனக்கும் செருகும், ரெண்டு பேரும் சோபாவில் சாய்ந்துகொள்வோம். அப்பா வந்து ஃபேனை ஒரு புள்ளி கூட்டிவிட்டுப் போவார்.

மூணாவது நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கேள்வி ஒரு பேக்கரிக் கம்பெனியைப் பற்றியது. நாற்பது கடை, நடுவில் ஒரு பெரிய கிடங்கு. மாவு, சர்க்கரை, லாரி எல்லாம் அங்கிருந்துதான். முதலாளி மெயில் எழுதியிருக்கிறார். நான் அதை மயில்சாமி அங்கிளாக எடுத்தேன்.

"வணக்கமுங்க. நம்ம கடைல லைன் ஒரு மணி நேரம் போனாலும் ஒண்ணும் குடி முழுகிப் போயிராதுங்க. கையில பில்லு எழுதிக்குவோம். ஆனா கெடங்குல போகப்படாது பாருங்க, அங்க போச்சுன்னா நாப்பது கடைக்கும் ரொட்டி போகாது."

அம்மா கண்ணைத் திறந்தாள். விடை நாலையும் வாசித்தேன். ஒன்றாவது, நாற்பது கடைக்கும் ரெண்டு லைன், கிடங்குக்கும் ரெண்டு. ரெண்டாவது, கடைக்கு ஒவ்வொரு லைன், கிடங்குக்கு மட்டும் ரெண்டு. மிச்சம் ரெண்டு ஞாபகமில்லை. அம்மா யோசிக்கவேயில்லை. "ஒண்ணாவது."

"ஏனுங்க அம்மிணி, கடைக்கு எதுக்குங்க ரெண்டு?"

"ஒரு லைன் போச்சுன்னா?"

"போகட்டுமேங்க! கையில பில்லு எழுதிக்கிறேன்னு சொன்னனில்லீங்களா?"

"அது... அப்படித்தான் சொல்வீங்க. போனதுக்கப்புறம் எனக்குத்தான போன் பண்ணித் திட்டுவீங்க."

"நான் எதுக்குங்க உங்களைத் திட்டறேன்? நாப்பது கடைலயும் ரெண்டு லைனப் போட்டு அதைப் பாத்துக்கறதுக்கு நாப்பது ஆளு வெக்கறதா? நான் ரொட்டி விக்கறனுங்களா, லைன் விக்கறனுங்களா?"

அப்பா கதவோரம் நின்று, "பேக்கரிக்காரருக்கு ஒரு லைன் போதும்" என்றார். அந்த மூணாவது சாவிக்கு அப்புறம் அப்பா ஒரு முழு வாக்கியம் பேசி நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். விடைக் குறிப்பைப் பார்த்தேன். ரெண்டாவதுதான் சரி.

"அந்த மனுஷன் இதத்தான் சொல்றானா..." என்று அம்மா கேட்டாள். என்னிடம் இல்லை. அந்தத் தாளிடம்.

அன்றிலிருந்து நடந்ததெல்லாம் திருவிழா. எல்லாக் கேள்விக்கும் ஆள் போட்டேன். கணக்கு பார்க்கிறவர் என்றால் என் கலாமணி அத்தை. "ஏங்கண்ணு, பழைய மிஷினே ஓடுதில்ல, அப்புறம் எதுக்குப் புதுசு? ஆடம்பரம்!" பாதுகாப்பு அதிகாரி என்றால் எங்கள் பிசிக்ஸ் எஸ்தர் மிஸ். "யாரையும் நம்பாதீங்க. கடைசி பெஞ்ச்! அங்க என்ன கை? யாரு யார்கிட்டப் பேசினாலும் என் வழியாத்தான் பேசணும்." அம்மா சிரித்துச் சிரித்து இருமுவாள். ஆனால் விடை சரியாக வரும். அவர்கள் மூணு பேரும் அடித்துக்கொள்ளும்போது யாருக்கு எது முக்கியம் என்று தெளிவாகக் கேட்கிறதாம். எழுத்தில் அது தெரிவதில்லையாம்.

நான்தான் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டினேன். யார் பேசறாங்க? என்ன வேணுங்கறாங்க? எது போனாப் பரவாயில்லைங்கறாங்க? இந்த மூணாவது கேள்விதான் அங்கிள் மொத்தப் பரீட்சையும். உங்கள் பையன் இந்தத் தடவை போய்விட்டால், சேச்சே, போகமாட்டார், சும்மா சொல்கிறேன், அவருக்கும் இதைச் சொல்லுங்க. நீங்கள் நல்லது என்று நினைப்பதை எழுதக்கூடாது. அவன் எதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறான் என்று பார்க்க வேண்டும். எதையும் விடமாட்டேன் என்கிறவனுக்கு அங்கே மார்க் கிடையாது.

இது வீட்டுக்குள்ளும் பரவிவிட்டது. ஒரு நாள் காலையில் அம்மா அப்பாவிடம் போய், "உங்களுக்கு என்ன வேணும்? இட்லியா, தோசையா?" என்றாள். எப்போதும் ரெண்டையும் செய்து வைத்துவிடுவாள், கேட்கவேமாட்டாள். அப்பா பேப்பரை இறக்கினார். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனா?" அடுத்த வாரம் ரெண்டாவது அலாரம் போய்விட்டது. மூணாவது சாவியைத் திரும்ப வாங்கிவிட்டாள். என் பையில் ஒரே குடை. எனக்கென்னவோ பயமாக இருந்தது அங்கிள். மழை வந்தால்?

ஒரே ஒரு நாள்தான் உதைத்தது. ஒரு கேள்வியில் மேனேஜர் வந்தார். நானும் பழக்கதோஷத்தில், "லெட் மீ பி வெரி ஃபிராங்க்..." என்று ஆரம்பித்துவிட்டேன். அம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். அவ்வளவு தத்ரூபம் அங்கிள், பெற்ற தாயே மிரண்டுபோய்விட்டாள்!

"அந்த சாரை விட்டுரு. அவரை நான் பாத்துக்கறேன். நீ வேற ஆளைப் பண்ணு."

நான் உடனே கலாமணி அத்தைக்கு மாறிவிட்டேன்.

அந்த மார்ச் ஜோக்கைச் சொல்லிவிடலாம் என்று அப்போதே நினைத்தேன். சொல்லவும் போனேன். அம்மா, "மோர் குடிக்கிறியா?" என்றாள், குடித்துவிட்டேன். இன்னொரு நாள் போனேன், ஆபீஸிலிருந்து போன் வந்தது. இன்னொரு நாள் போனேன், அன்றைக்கு ஒன்றும் வரவில்லை, நானாகவே திரும்பி வந்துவிட்டேன். இப்போது ஒரு பிளான் வைத்திருக்கிறேன். அம்மா பாஸானால் சொல்லிவிடுவேன், அந்த சந்தோஷத்தில் கரைந்துவிடும். பெயிலானால் சொல்லமாட்டேன், பாவம், அதுவே போதும். எதற்கும் ரெண்டு ஏற்பாடு இருப்பது நல்லதுதானே?

மணி என்ன? ஒண்ணே முக்காலா? ரெண்டு மணிக்கு முடியும். முடிந்த உடனே திரையிலேயே வந்துவிடும், பாஸா பெயிலா என்று. காத்திருக்கவே வேண்டாம். அந்தக் கதவுதான். காலையில் உள்ளே போகும்போது அம்மா கைப்பை, போன், வாட்ச் எல்லாவற்றையும் கதவுக்கு உள்பக்க லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். கம்மலைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்து, "என்ன, மயில்சாமிய உள்ள விடுவாங்களா?" என்றாள். நான், "கூட்டிட்டுப் போங்க அம்மிணி, நான் சத்தம் போடமாட்டனுங்க" என்றேன். சிரித்துக்கொண்டேதான் போனாள். நான்தான் கூப்பிட்டு, கையைப் பிடித்து, எதையோ சொல்ல வந்து, "மூணாவது கேள்விய மறந்துராத" என்று மட்டும் சொன்னேன்.

இல்லை அங்கிள், கால் தானாக ஆடுகிறது. ஏசி.

சைலன்ஸ் ப்ளீஸ்ஸ். இல்லை, இந்தத் தடவை நான் இல்லை, அந்த அக்காவேதான் சொன்னார்.

இருங்க, என் போன். அம்மாவா! முடித்துவிட்டாளா? இங்கே எட்டு அடியில் கதவு, எதற்குப் போன் பண்ணுகிறாள்? வெளியே வரவேண்டியதுதானே? வர முடியாமல்... ஹலோ? அம்மா? என்னாச்சு?

ஹலோ?

சார்?

சார், நீங்க எப்படி... அம்மா எங்க சார்?

...

...

அம்மா.

இல்ல. இன்னும் இல்ல.

ம்ம்.

ஒரு நிமிஷம் அங்கிள். அந்தத் தண்ணி பாட்டிலைக் கொடுங்க. ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஹரிஹரன் சார் பேசினார். அம்மா போனில். அதே மூக்கு. "லெட் மீ பி வெரி ஃபிராங்க், மகிழினி. பரணியை வெச்சுப் பாத்துக்கலாம்னுதான் இருந்தேன். இப்பத் தேவைப்படாது போலருக்கு. உங்கம்மா டிசைனுக்கு வர்றாங்க. டேக் இட் ஈஸி." நான் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டேன், பார்த்தீங்கதானே? அவர் எப்படி உள்ளே வந்தார் என்று மண்டை சுற்றுகிறது. அப்புறம் அவர், "சாப்டியா?" என்றார்.

அப்புறம் குரல் மாறியது. ஷிப்ட் முடிந்து வருகிற குரல். "ஒம்போது வருஷத்துல அந்த மனுஷன் என்னை ஒரு தடவை சாப்டியான்னு கேட்டதில்லடி. ஒரே ஒரு நாள் காலைல பஸ்ல போறப்பக் கேட்டாரு. அந்த ஸ்பேர் சிம் செத்துப் போகாம மாசாமாசம் அதுக்கு ரீசார்ஜ் பண்றது யாருன்னு நெனச்ச?"

அப்போதே தெரிந்திருக்கிறது அங்கிள். மார்ச்சிலிருந்து. தண்ணி கேஸுக்கு முந்தி. மோருக்கு முந்தி. எல்லாவற்றுக்கும் முந்தி.

"அன்னைக்குப் போனது உன்னால இல்ல. நானே கடை கடையா ரெண்டு ரெண்டாப் போட்டுத் தொலைச்சேன். நீயா எப்பச் சொல்லுவேன்னுதான் பாத்துட்டிருந்தேன். இன்னைக்குக் காலைலகூடக் கையப் புடிச்ச, சொல்லிருவேன்னு நெனச்சேன். சரி, சாப்டியா இல்லியா?" என்றாள். எனக்கு பதில் சொல்ல ஒரு குரல் கிடைக்கவில்லை அங்கிள். அத்தை வரவில்லை, மிஸ் வரவில்லை, மயில்சாமி அங்கிள் எங்கே போனாரோ. "இன்னும் இல்ல" என்றேன். யாருடைய குரல் அது, கொஞ்சம் கீச்சென்று, நான் கேட்டதே இல்லை.

அப்பா பக்கத்து வரம் என்று சொன்னேனே, அதை அழித்துவிடுங்க. அந்த நாடகச் சித்தப்பாவையும் சேர்த்து.

அதோ, கதவு திறக்கிறது. அந்த நீலச் சுடிதார்தான். கையில் பேப்பரை வைத்துக்கொண்டு நடந்து வருகிறாள் பாருங்க, ஒரே ஒரு பேப்பர், ஜெராக்ஸ்கூட எடுக்கவில்லை. உங்கள் பையனும் பின்னாலேயே வருகிறார். போங்க அங்கிள், போய்க் கேளுங்க. முகத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க, பாஸானாலும் சில பேர் அப்படித்தான் வருவார்கள்.

ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். இதைப் பிடிங்க. எலுமிச்சை சாதம், ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல். இது அம்மா கட்டினது இல்லை, நான் கட்டினது. காலையில் ஒன்று கட்டினேன், மூடினேன், கை தானாக இன்னொரு டப்பாவை எடுத்துவிட்டது. ஒன்று கவிழ்ந்துவிட்டால், கெட்டுப்போய்விட்டால் என்று. ஒன்றும் கவிழவில்லை, ஒன்றும் கெடவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் ஒரு டப்பா போதும்.

டப்பாவைத் திருப்பித் தரவேண்டாம் அங்கிள். வீட்டில் இன்னொன்று இருக்கிறது.